அட்டை போடாத பெரிய புஸ்தகம்

பிள்ளைங்களே,

ஜூன் மாசம் வந்தால் நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து உங்க பள்ளிக்கூடப் புஸ்தகம் எல்லாத்துக்கும் பிரவுன் தாளில் அட்டை போடுவேன். ஓரம் மடிச்சு, லேபிள் ஒட்டி, அடுக்கி வைப்பேன். இந்த வருஷம் சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். "என் கணக்குப் புஸ்தகத்துக்கே இவ்ளோ அழகா அட்டை போடறீங்களே அத்தா, பீரோ மேல ஒரு பெரிய புஸ்தகம் இருக்குதே, அதுக்கு மட்டும் ஏன் போடல?"

வாயில் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிடுவீங்க. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்னவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படிச்சுக்குங்க. என் வயசுக்காரங்க யார் கையிலாவது இது கிடைச்சால் அவங்களும் படிக்கட்டும். அந்த வருஷத்து வெயில் அவங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

எண்பதுகளின் கடைசி. மரக்காணம் கடைத்தெருவில் என் அத்தாவுக்கு, அதான் உங்க தாத்தாவுக்கு, மளிகைக் கடை. கடைக்குப் பின்னாடியே வீடு. முழுப் பரீட்சை லீவில், உப்பு நல்லா விளையுற நேரத்தில், அத்தாவின் தம்பி, என் சாச்சா, துபாயிலிருந்து லீவில் வந்தார். பஸ்ஸை விட்டு அவர் இறங்கும்போதே தெருவே எட்டிப் பார்த்தது. யார் வந்தாலும் டேப் ரெக்கார்டர் வரும், கம்பளி வரும், செண்ட் பாட்டில் வரும். பெட்டி திறக்கிற நேரத்துக்கு எதிர்த்த சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுறதைப் பாதியில் விட்டுட்டு வாசலில் வந்து நின்னுட்டார்.

சாச்சா கைலிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கெட்டி அட்டைப் பெட்டியை எடுத்தார். கறுப்புப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே செங்கல் கனத்துக்கு ஒரு புஸ்தகம். அதை என் மடியில் வச்சார். தொடை வலிச்சுது.

"உனக்குத்தாண்டா. நீ லெட்டர்ல பறக்கிற ஆளு, மாஸ்க்கு போட்ட ஆளுன்னு படம் போட்டு அனுப்புவியே, அந்த மாதிரி படக்கதை. பல வருஷமா சின்னச் சின்னதா வந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துத் தைச்சிருக்காங்க. படம் போடறதுல என்னென்னவோ புதுசா பண்ணிப் பார்த்தவங்களாம். எங்க கடை முதலாளி சொன்னாரு, தனித்தனியா படிச்சா தெரியாதது சேர்த்துப் படிச்சாத்தான் தெரியுமாம்."

சாச்சா அங்கே ஒரு புஸ்தகக் கடையில் பார்சல் கட்டுகிற வேலை பார்த்தார். ஊருக்குக் கிளம்பும்போது முதலாளி, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கார். சாச்சா இதைக் கேட்டு வாங்கியிருக்கார்.

மேல் அட்டையை நான் ஒரு நிமிஷம்தான் பார்த்தேன். முகமூடி போட்ட ஒரு ஆள். ஒரு கையை நீட்டியிருக்கான். அந்தக் கை முழுசா இல்லை, புஸ்தகத்தின் முதுகுப் பக்கம் போய் மடிப்பில் மறைஞ்சிருந்தது. அதற்குள் அம்மா புஸ்தகத்தைப் பிடுங்கிட்டாங்க. "குடுடா, எண்ணெய்க் கையி. அட்டை போட்டுத் தரேன்." எங்க அம்மாவுக்கு உசத்தியான புஸ்தகம்னா உடனே அட்டை போட்டாகணும். கொஞ்ச நேரத்தில் அது பிரவுன் தாளுக்குள்ளே போயிடுச்சு. முன்னே எது, பின்னே எது, ஒண்ணும் தெரியாது. அந்தக் கறுப்புப் பெட்டியையும் அம்மாவே எடுத்துக்கிட்டு ஊசி, நூல், பொத்தான் போட்டு வச்சாங்க. பிற்பாடு அது எந்த வெள்ளத்தில் போச்சோ தெரியாது.

சரி, புஸ்தகத்தைத் திறந்தேன். இங்கேதான் நான் ஒண்ணு சொல்லணும். காலையில் நான் பள்ளிவாசலுக்குக் குர்ஆன் ஓதப் போவேன். அங்கே எல்லா அரபுக் கிதாபும் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். இது அரபு நாட்டிலிருந்து வந்த புஸ்தகம் இல்லையா? அதனால் இதையும் வலப்பக்கத்திலிருந்துதான் திறக்கணும்னு எனக்குச் சந்தேகமே வரலை. உள்ளே பேர் போட்ட பக்கம்னு எதுவும் இல்லை. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்புத் தாள். எழுத்து அங்கங்கே ஒண்ணு ரெண்டு, அதுவும் இங்கிலீஷ். மத்ததெல்லாம் படம்.

படம்னா சும்மா படம் இல்லை. ஒரு பக்கத்தில் கோடு கோடாக் கட்டம், கட்டத்துக்குள்ளே கட்டம். ஒரு பக்கத்தில் ஆளே இல்லை, நிழல் மட்டும். ஒரு பக்கம் தலைகீழாக நிக்குது. ஒரு பக்கம் பூரா கை. நடுவில் ஒரு தாளை மூணா மடிச்சு வச்சிருந்தது. ஆசையா விரிச்சால் வெறும் நீலம். ஒரு படமும் கிடையாது.

சைக்கிள் கடைக்காரர் அதைப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சார்.

"ஏம் பாய், உங்க தம்பியை அந்த முதலாளி நல்லா ஏமாத்திட்டான் பாய். இங்கி கொட்டிப்போன புஸ்தகத்தைத் தலையில கட்டிட்டான்."

அதிலிருந்து தினம் ஒரு பேச்சு. சாச்சா டீ குடிக்கப் போனால், "ஏம்பா சின்ன பாய், ஊர்ல செங்கல்லு கிடைக்கலன்னா துபாய்லேர்ந்து கொண்டாந்தே?" என்பார். சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. சாச்சாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் டீ பாதி கிளாஸில் அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் அவர் டீக்கடைக்குப் போறதையே விட்டுட்டார்.

என் அத்தா நல்லவர்தான். ஆனால் தம்பியைத் தெருவே கேலி பண்ணினது அவருக்குத் தாங்கலை. அந்தக் கோபம் புஸ்தகத்து மேல் திரும்பிச்சு. ஒருநாள் அதைத் தூக்கித் தராசில் வச்சார். தட்டு டொம்முன்னு இறங்கிச்சு. ஒரு தாளை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இதுல சீரகம்கூட மடிக்க முடியாது. வழுக்கி விட்டுடும். வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்காரன் வர்றான். போட்டுடலாம். இது கண்ணுல படறவரைக்கும் பேச்சு நிக்காது."

சாச்சா குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிக்கிட்டே இருந்தார். மாட்டி முடிச்ச வாரைக் கழட்டித் திரும்ப மாட்டினார். அடுத்த வாரம் அவருக்குப் பயணம். இப்படியே தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு அவர் பஸ் ஏறுவார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"அத்தா, இதுல கதை இருக்குது!" என்றேன்.

"எங்க, சொல்லு பார்க்கலாம்."

நான் ஒரு பக்கத்தைப் புரட்டினேன், இன்னொண்ணைப் புரட்டினேன்.

அத்தா என்னையும் பார்த்தார், சாச்சாவையும் பார்த்தார். "சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து உட்காருறேன். இதுல ஒரு கதை இருக்குதுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. முதல், நடு, கடைசி எல்லாம் இருக்கணும். சொல்லிட்டா புஸ்தகம் உன்னுது. இல்லாட்டி பேப்பர்காரனுது. அவ்ளோதான்."

என் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா அம்மா ரெண்டு பேரும் உப்பளத்தில் வேலை. நான் அவளை உப்புக்காரி என்பேன், அவள் என்னைக் கடைக்காரா என்பாள். வாடகைக்குப் படக்கதைப் புஸ்தகம் எடுத்து நாங்க ரெண்டு பேரும் படிப்போம். அவளிடம் ஓடினேன். அவள் புஸ்தகத்தை வாங்கி இடப்பக்கத்திலிருந்து திறந்தாள்.

"ஏய், அது கடைசிப் பக்கம்!"

"போடா கடைக்காரா. இதான் முதல் பக்கம்."

அவள் அந்தப் பக்கமிருந்து பார்த்தாள், நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ரெண்டு பேரும் அந்த நீலத் தாள் வரைக்கும் வந்து நின்னுட்டோம்.

"என் ஆளு நல்லவன்டா. உடைஞ்ச பாலத்தைத் தொட்டு ஒட்டறான். கண்ணாடியெல்லாம் ஒட்டறான்."

"என் ஆளு போக்கிரி. எல்லாத்தையும் பிரிச்சுப் போடறான்."

"ரெண்டும் ஒரே மாஸ்க்குதானே? அப்புறம் எப்பிடி நல்லவன், போக்கிரி?"

தெரியலை. சண்டை போட்டதுதான் மிச்சம். வியாழக்கிழமையும் வந்துடுச்சு.

அன்னைக்கு அவள் அவங்க அப்பா அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துப் போகணும். நான் அம்மாவிடம் கேட்டேன், புஸ்தகத்தையும் எடுத்துட்டுப் போறேன்னு. அம்மா தன் பழைய துப்பட்டியில் அதைச் சுத்திக் கொடுத்தாங்க. "தண்ணில போட்டுட்டு வந்தே, உன்னையும் உப்புல போட்டுக் கருவாடாக்கிடுவேன்." மெயின் ரோட்டைத் தாண்டினால் உப்பளம். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. ஓலை போட்டு மூடின உப்புக் குவியலோட நிழலில் உட்கார்ந்தோம். காத்து கடல் பக்கமிருந்து வந்துச்சு, உதட்டை நக்கினால் கரிச்சுது.

எதிரே கண்ணுக்கு எட்டினவரைக்கும் பாத்தி. சதுரம் சதுரமா, நடுவில் வரப்பு. கஞ்சி குடிச்சு முடிச்ச அவள் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு வரப்பில் ரெண்டு வெட்டு வெட்டினார். அந்த மடை வழியாத் தண்ணி பக்கத்துப் பாத்திக்குப் போச்சு. அங்கேயிருந்து நேராப் போகலை. இடது பக்கம் ஒரு மடை, அப்புறம் திரும்ப இந்தப் பக்கம் ஒரு மடை. எங்கே திறந்திருக்கோ அங்கே போகும். தினம் பார்க்கிறதுதான். அதனால் நான் கவனிக்கலை. அவளும் முதலில் கவனிக்கலை. மடியில் புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரு விரலை ஒரு கட்டத்தில் வச்சபடி தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருந்தாள். திடீர்னு கத்தினாள்.

"டேய்! டேய் கடைக்காரா! இந்தக் கோடு இங்க விட்டுப்போயிருக்குது பாரு!"

"அச்சுல விட்டுப்போயிருக்கும்."

"எல்லாக் கட்டத்துலயும் ஒரே ஒரு இடத்துல விட்டுப்போவுமா? மடைடா இது!"

பார்த்தேன். உண்மைதான். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் கோட்டில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதில் விரலை விட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், அந்த ஆள் அந்த இடைவெளியில் ஒரு காலை வச்சுத் தாண்டிக்கிட்டு இருக்கான். அங்கேயிருந்து மேலே ஒரு இடைவெளி. அப்புறம் கீழே. தலைகீழா நின்ன பக்கத்தில் விரல் புஸ்தகத்தைத் திருப்பச் சொல்லிச்சு, திருப்பினோம். இடமும் இல்லை, வலமும் இல்லை. திறந்திருக்கிற பக்கம் போகணும், அவ்ளோதான்.

"வரப்புத்தாண்டி!" என்றாள் அவள். அந்த நிமிஷமே அவனுக்குப் பேர் வச்சாச்சு.

ஆனால் தண்ணி எங்கேயாவது ஆரம்பிக்கணும் இல்லையா? பின்னாடியே விரலை வச்சுக்கிட்டுப் போனோம். ரெண்டு பேர் விரலும் ஒரே இடத்தில் வந்து முட்டிச்சு. அந்த நீலத் தாள்! இங்கி கொட்டினது இல்லை அது. கடல். அதுதான் முதல் பக்கம். புஸ்தகத்தோட நடுவில் முதல் பக்கம். அதன் இடது ஓரத்தில் ஒரு மடை, வலது ஓரத்தில் ஒரு மடை.

கதையைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழா ரெண்டு பேரும் படிச்சிருந்தோம். கடலிலிருந்து சரியாப் படிச்சால், அவள் நல்லவன்னு சொன்னவன் தொட்டது உடையுது. நான் போக்கிரின்னு சொன்னவன் தொட்டது ஒட்டிக்குது. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்ச சிரிப்பில் அவங்க அம்மா, "வெயில்ல மூளை கொழம்பிடுச்சா?" என்று அதட்டினாங்க.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சது. அத்தா தொப்பியைக் கழட்டாமலே கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தொழுதுட்டு வந்தவங்க நாலு பேர் நின்னாங்க. சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கிட்டே வந்துட்டார். பழைய பேப்பர்காரர் சாக்கை விரிச்சு வச்சுட்டு பீடியைப் பத்த வச்சார். சாச்சா தூண் ஓரமா, யார் கண்ணிலும் படாத மாதிரி நின்னார். அம்மா உள்வாசல் திரைக்குப் பின்னாடி.

உப்புக்காரி நீலத் தாளை விரிச்சுப் பிடிச்சாள். நான் ஆரம்பிச்சேன்.

"இது கடல். இதுலேர்ந்து ஒரு அலை வருது. அலை ரெண்டாப் பிரியுது. ஒரே ஆளு ரெண்டு ஆளா ஆயிட்டான். இவன் இந்த மடை வழியா இந்தப் பக்கம் போறான், அவன் அந்த மடை வழியா அந்தப் பக்கம் போறான்."

"எந்த மடைடா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

விரலை வச்சுக் காட்டினேன். அவர் ஸ்டூலோடு கிட்டே நகர்ந்தார்.

"இந்தப் பக்கம் போறவன் தொட்டா எல்லாம் உடையுது. அவனுக்கு உடைக்க ஆசை இல்ல. தாகத்துக்குக் கிளாஸை எடுப்பான், நொறுங்கிடும். பாலத்துல கை வைப்பான், விழுந்துடும். ஜனங்க துரத்தறாங்க. ஒரு குழந்தை கிட்ட வருது, பயந்துட்டு இவன் ஓடறான், அதைத் தொட்டுடக் கூடாதுன்னு."

பேப்பர்காரர் பீடி சாம்பலைத் தட்ட மறந்துட்டார்.

"அந்தப் பக்கம் போறவன் தொட்டா எல்லாம் ஒட்டிக்குது. முதல்ல ஜனங்களுக்குச் சந்தோஷம். மாலை போடறாங்க. அப்புறம் கதவு சுவத்தோட ஒட்டிக்குது. குருவி கிளையோட ஒட்டிக்குது. அவன் கையைக் கட்டிக்கிட்டு ஒரு மலை மேல தனியாப் போய் உட்காருறான்."

"அய்யய்யே, பாவம்டா," என்றார் சைக்கிள் கடைக்காரர். யார் சொன்னதுன்னு மத்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

விரல் போன வழியெல்லாம் சொன்னேன். நான் நிறுத்தின இடத்தில் அவள் எடுத்தாள், அவள் மூச்சு வாங்கின இடத்தில் நான் எடுத்தேன். கடைசியில் இந்தப் பக்கத்துக் கறுப்புத் தாள் வந்தது. உடைக்கிறவன் இருட்டில் கையை நீட்டறான். புரட்டி அந்தப் பக்கத்துக் கறுப்புத் தாளைக் காட்டினேன். ஒட்டறவனும் இருட்டில் கையை நீட்டறான். முடிஞ்சுது.

"அப்புறம்?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"அவ்ளோதான்."

"என்னடா அவ்ளோதான்? ஒருத்தன் இந்தக் கோடியில இருக்கான், இன்னொருத்தன் அந்தக் கோடியில இருக்கான். கையை நீட்டறானுங்க. சேர்ந்தானுங்களா இல்லியா?"

நான் ரெண்டு கறுப்புத் தாளையும் மாத்தி மாத்திப் புரட்டினேன். அத்தா மெதுவாச் சொன்னார், "கடைசி இருக்கணும்னு சொன்னேனேடா." அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கும் தெரிஞ்சாகணும் போல இருந்தது. பேப்பர்காரர் பீடியை அணைச்சுட்டுச் சாக்கைக் கையில் எடுத்தார். சாச்சா தூணை விட்டு உள்ளே போகத் திரும்பினார்.

அப்பத்தான் புஸ்தகத்தை மூடினேன். பிரவுன் தாள் மேல் என் கை இருந்தது. கை! முதல் நாள் ஒரு நிமிஷம் பார்த்த அந்த நீட்டின கை. மடிப்புக்குள்ளே போய் மறைஞ்ச கை.

"அம்மா!" என்று கத்தினேன். "அட்டையைக் கிழிக்கட்டுமா?"

அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாங்க. அம்மா போட்ட அட்டையை அதுவரைக்கும் யாரும் கிழிச்சது கிடையாது.

"கிழிடா!"

சர்ருன்னு கிழிச்சேன். அந்தப் பக்கத் தாளை அவள் கிழிச்சாள். புஸ்தகத்தை விரிச்சுக் கவுத்து அத்தாவின் மடியில் வச்சோம்.

இந்த அட்டையில் ஒருத்தன், அந்த அட்டையில் ஒருத்தன். ரெண்டு பேர் கையும் நீண்டு வந்து, புஸ்தகத்தின் முதுகில், சரியா நடுவில், ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருந்தது. எதுவும் உடையலை. எதுவும் ஒட்டிக்கவும் இல்லை. சும்மா ரெண்டு மனுஷங்க கை கொடுத்துக்கிட்ட மாதிரி இருந்தது.

"சேர்ந்துட்டானுங்கடா!" என்று சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலை உதைச்சுட்டு எழுந்தார். தொழுதுட்டு வந்தவங்க கைதட்டினாங்க. உப்புக்காரி, "வரப்புத்தாண்டிக்கு ஜே!" என்று கூவினாள். தெருவில் போன பசங்க என்ன ஏதுன்னு தெரியாமலே ஜே போட்டாங்க. பேப்பர்காரர் சாக்கைச் சுருட்டி அக்குளில் வச்சுக்கிட்டு, "இன்னொருவாட்டி முதல்லேர்ந்து சொல்லு தம்பி, நான் நடுவுல கொஞ்சம் விட்டுட்டேன்," என்றார்.

அத்தா அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தார். பிறகு எழுந்து தூண்கிட்டே போனார். தொழுகை முடிஞ்சு எல்லாருக்கும் கை கொடுத்தவர் தம்பிக்குக் கொடுக்காமல் வந்துட்டார் போல. அப்பத்தான் ரெண்டு கையையும் நீட்டினார். சாச்சா பிடிச்சுக்கிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் சாச்சா டீக்கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். சைக்கிள் கடைக்காரர் எழுந்து ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். "உட்காருங்க சின்ன பாய். அந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா அங்க?" சாச்சா கிளாஸைக் கவுத்துக் காலி பண்ணிட்டு இன்னொரு டீ சொன்னார். அடுத்த வாரம் பஸ் ஏறும்போது, கூரை மேல் பெட்டியைக் கட்டினவன்கூட "வரப்புத்தாண்டி சாச்சா, சலாம்" என்றான். அவர் ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, ஊர் மறையுற வரைக்கும் கையாட்டிக்கிட்டே போனார்.

அந்த லீவு முடியுறவரைக்கும் கடையில் சர்க்கரை வாங்க வந்தவன்கூடக் கதை கேட்டுட்டுத்தான் போனான். புஸ்தகத்தைத் தொட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டேயும் அத்தா வாசல் தண்ணிக் குடத்தைக் காட்டி ஒரே பேச்சுத்தான் பேசுவார். தராசில் வச்சவர்தான் அவர்!

இப்ப புரிஞ்சுதா சின்னவளே? உன் கணக்குப் புஸ்தகத்துக்குக் கதை உள்ளே இருக்குது, அதனால் வெளியே அட்டை போடலாம். இதுக்குக் கடைசிப் பக்கம் வெளியே இருக்குது. மூடக் கூடாது. முனையெல்லாம் தேஞ்சிருக்கும், முதுகில் அந்தக் கைகள் இருக்கிற இடத்தில் எத்தனையோ விரல் பட்டுப்பட்டு நிறம் வெளுத்திருக்கும். இருக்கட்டும்.

பீரோ மேலேயிருந்து இறக்கித் தரேன். எந்தப் பக்கம் திறக்கணும்னு என்னைக் கேக்காதீங்க. உங்க தாத்தா சொன்ன பேச்சைத்தான் நானும் சொல்லுவேன்: கையைக் கழுவிட்டு வாங்க.